அக்னித் தலத்தில் ஒரு தண்ணீர்த் தோட்டம்!

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை. செஞ்சி தாண்டியதும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் வரும்போது யாராவது ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மலை தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் போனது தரிசனத்துக்கு இல்லை, கிரிவலத்துக்கும் இல்லை. பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் மண்ணே இல்லாமல் கீரை வளர்கிறது என்று பெங்களூரில் இருக்கும் அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டிருந்தார். வெள்ளைக் குழாயில் வரிசையாகப் பச்சைப்பசேலென்று லெட்டூஸ், பின்னால் மலை. அதை எங்கள் டெஸ்க்கில் காட்டினேன். "அருமையா இருக்கே, போய் ஒரு வீடியோவும் கட்டுரையும் எடுத்துட்டு வா" என்றார்கள். அது போன மே மாதம்.

செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் பெரியம்மா வீடு. மாடி ஏறினால் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் தூரத்தில் 217 அடி ராஜகோபுரத்தின் உச்சி. நடுவில் அந்த வெள்ளைக் குழாய்கள். நான்கு அடுக்கு, 36 ஓட்டைகள். 36 ஓட்டைகளிலும் செத்துப்போன செடிகள்.

ஒரு கப்பை வெளியே உருவிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். இது வேகவைத்த சேமியாவை இரண்டு நாள் வெளியே வைத்த மாதிரி பழுப்பாக, வழவழவென்று கையோடு வந்தது. நாற்றம் வேறு.

"வீடியோல்லாம் எடுக்காத பாப்பா" என்றார் பெரியம்மா. "அண்ணன் பார்த்தா மனசு கஷ்டப்படும். 18,000 ரூபா போட்டு வாங்கிக் குடுத்தான். நல்லா இருக்குன்னுதான் இன்னும் நினைச்சுட்டிருக்கான்."

அப்புறம்தான் தெரிந்தது. மூன்று வாரமாக அண்ணன் கேட்கும்போதெல்லாம் பெரியம்மா பழைய போட்டோக்களையே அனுப்பிக்கொண்டிருந்தார். குரூப்பில் நான் பார்த்து மயங்கியதும் அதில் ஒன்றுதான்!

பெரியம்மாவுக்குத் தோட்டம் புதிதல்ல. பெரியப்பா இருந்தவரை பழைய வீட்டின் பின்பக்கம் அவரைப் பந்தலும் கத்தரிப் பாத்தியுமாக இருக்கும். அவர் போன பிறகு அந்த வீட்டை விற்றாயிற்று. இப்போது இருப்பது மாடியோடு கூடிய சின்ன வீடு. இரண்டு முட்டியும் தேய்ந்து, தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனியாமல், மண் சுமக்காமல், இடுப்பு உயரத்தில் செடி வளர்க்கலாம் என்பதால்தான் அண்ணன் அந்த கிட்டை வாங்கினார். அந்த யோசனையில் ஒரு தப்பும் இல்லை.

மண் இல்லாமல் எப்படி?

ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரைக் கேட்டால் என்னவோ விண்வெளி சமாசாரம் போல இருக்கும். விஷயம் எளிமையானது. செடிக்கு மண் பிடிமானம் தருகிறது. சாப்பாட்டைத் தண்ணீரில் கரைந்த உப்புகளாகத்தான் வேர் எடுத்துக்கொள்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கால்சியம், மெக்னீசியம், கொஞ்சம் இரும்பு, துத்தநாகம் போன்றவற்றை நாமே தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டால் மண் வேண்டியதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக்கி என்பவர் இப்படித் தக்காளியை 25 அடி உயரம் வளர்த்துக் காட்டினார். 1937-ல் இந்தப் பெயரைப் பரப்பியவரும் அவர்தான். கிரேக்க மொழியில் 'தண்ணீர்', 'உழைப்பு' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. "உழைப்பு எனக்கு, தண்ணி மோட்டாருக்கு" என்றார் பெரியம்மா.

இந்தியாவுக்கும் இது பழைய சரக்குதான். ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் 1946-ல் டார்ஜிலிங் பக்கம் காலிம்போங்கில் சோதனைகளைத் தொடங்கினார். ஜல்லி, மணல் என்று கைக்குக் கிடைத்ததை வைத்து, மோட்டார் இல்லாமல் ஏழை வீட்டிலும் செய்ய முடிகிற முறையாக அதை உருவாக்கி, 'வங்காள முறை' என்று பெயரிட்டுப் புத்தகமும் எழுதினார். நம் தோட்டக்கலைத் துறை மானிய விலைக்குக் கொடுத்த மாடித்தோட்டத் தொகுப்பில் தென்னை நார்க்கழிவுக் கட்டி வந்ததே, அதுவும் மண் இல்லைதானே? நாம் ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியவர்கள்தான்.

அப்படியானால் பெரியம்மாவின் செடிகள் ஏன் செத்தன?

முதல் காரணம் வெயில். நான் போன அன்று போனில் 39 டிகிரி காட்டியது. அக்னி நட்சத்திரம் வேறு. மெல்லிய பி.வி.சி. குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் மதியம் கை வைத்தேன். குளிக்கப் போட்ட வெந்நீர் பதம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருப்பது, 35 டிகிரியில் 7-க்கு வந்துவிடும். சூட்டில் வேர் இன்னும் அதிகமாக மூச்சுவிடும், கிடைப்பதோ குறைவு. மூச்சுத் திணறும் வேரை அழுகல் பூஞ்சை பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது, கரன்ட். குழாய் முறையில் வேர் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலத்தை மட்டும்தான். கோடையில் மதியம் இரண்டு மணி நேரம் மோட்டார் நின்றால் போதும்.

மூன்றாவதுதான் எனக்குப் புதுசு. தண்ணீர்.

கிட்டோடு வந்த டி.டி.எஸ். மீட்டரை பெரியம்மா வீட்டு போர் தண்ணீரில் விட்டேன். 1,140. லெட்டூஸ் மாதிரி இலைப்பயிருக்கு உரம் கலந்த பிறகே மொத்தம் 600-லிருந்து 900 வரைதான் இருக்க வேண்டும். அதாவது ஒரு ஸ்பூன் உரம்கூடப் போடாமலேயே அளவு தாண்டியாயிற்று. வயிறு முட்ட மோர் குடித்தவரைப் பந்தியில் உட்கார வைத்த கதை. தவிர, கடின நீரில் இருக்கும் பைகார்பனேட் கார அமில நிலையை ஏற்றிவிடும். 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டிய பி.ஹெச். எட்டுக்குப் போய்விட்டால், தண்ணீரில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

"அதான் ஆர்.ஓ. தண்ணி பிடிச்சு ஊத்தினேன்" என்றார் பெரியம்மா. கிட் விற்ற கடைக்காரர் போனில் சொன்ன யோசனையாம்.

வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. பெரியம்மாவின் தொட்டி 60 லிட்டர். அதை ஒரு முறை நிரப்ப 120-லிருந்து 180 லிட்டர் சாக்கடைக்குப் போயிருக்கும். மண்ணில் வளர்ப்பதைவிட 90 சதவிகிதம் தண்ணீர் மிச்சம் என்று கிட்டின் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சுற்றிச் சுற்றி வரும் தண்ணீருக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பெட்டி கேட்கவில்லை.

வீடியோ எடுக்கவில்லை. டெஸ்க்குக்கு போன் செய்து, 'செடி செத்துப்போச்சு' என்று சொன்னபோது மறுமுனையில் சிரித்தார்கள்.

மலையில் பார்த்தது

மறுநாள் காலை சும்மா இருக்க முடியாமல் ரமணாசிரமத்துக்குப் பின்னால் இருக்கும் பாதையில் கந்தாசிரமத்துக்கு ஏறினேன். நிதானமாக ஏறினால் அரை மணிக்கு மேல் ஆகும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. வழியில் ஒரு பாறையிலிருந்து பார்த்தால் ஒன்பது கோபுரங்களோடு அண்ணாமலையார் கோயில் மொத்தமும் கோலம் போட்ட மாதிரி கீழே தெரியும். இந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

ரமணர் 1916-லிருந்து 1922 வரை தங்கிய இடம் கந்தாசிரமம். அதற்கு முன் அவர் இருந்தது கொஞ்சம் கீழே இருக்கும் விரூபாட்ச குகை. அங்கே கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு. கந்தாசிரமத்திலோ ஓர் ஊற்று இருக்கிறது. சுற்றிலும் தென்னை மரங்கள். மே மாதத்தில், பாறை கொதிக்கும் மலையில், திடீரென்று ஒரு குளிர்ச்சி. தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து ஆளும் மரமும் குடியேறுவது புதுக் கதை இல்லை போல.

பாறையில் உட்கார்ந்து பார்க்கும்போது கோயிலுக்குள் இருக்கும் தீர்த்தக் குளங்கள் கண்ணில் பட்டன. கோயிலுக்குள் சிவகங்கை தீர்த்தம், பிரம்ம தீர்த்தம். வெளியே அய்யங்குளம். கிரிவலப் பாதை நெடுகத் தீர்த்தங்கள். தெற்கே சமுத்திரம் ஏரி. ஐம்பூதத் தலங்களில் இது நெருப்புக்கு உரியது என்கிறோம். ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் மழையைப் பிடித்து வைக்கிற பாத்திரங்கள்.

கீழே இறங்கி வந்து பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் பருப்பு களைந்துகொண்டிருந்தார்.

"அந்தக் காலத்துல மழை பெஞ்சா தவலைய வெளியில வெச்சுடுவோம். போர் தண்ணில துவரம்பருப்பு லேசுல வேகாது. மழைத் தண்ணில போட்டா வெண்ணெயா வெந்துடும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பருப்புக்குப் பிடிக்காத தண்ணி செடிக்கு மட்டும் எப்படிப் பிடிக்கும்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இணையத்தில் இரண்டு நாள் மேய்ந்து தெரிந்துகொண்ட விஷயம் அது. பருப்பை வேகவிடாமல் செய்வதும், உரத்தை வேலை செய்யவிடாமல் தடுப்பதும் தண்ணீரில் இருக்கும் அதே சமாசாரங்கள்தான்.

தையில் வந்த மாற்றம்

ஐப்பசியில் மழை பிடித்ததும் பெரியம்மா மாடிக் குழாயின் வாயை ஒரு மூடி போட்ட டிரம்முக்குத் திருப்பினார். முதல் மழையை விட்டுவிட்டார், மாடி கழுவுவதற்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 550 லிட்டர் சுமாருக்கு வந்துவிடும். அவருக்கு 200 லிட்டர் டிரம் இரண்டு. ஒரே ராத்திரியில் நிறைந்து வழிந்ததாம். டி.டி.எஸ். மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினார். 25.

தை மாதம் நான் மறுபடி போனபோது அந்த 18,000 ரூபாய்க் குழாய்களில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மேஜை மேல் நான்கு தெர்மாகோல் பெட்டிகள். மீன் மார்க்கெட்டில் வாங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, உள்ளே கெட்டியான கறுப்பு பாலித்தீன் விரித்தவை. மூடியில் எட்டு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு கப், கப்பில் நார்க்கழிவு. மோட்டார் கிடையாது, கரன்ட் கிடையாது.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி என்ற விஞ்ஞானி பிரபலப்படுத்திய முறை இது. நாற்று வைக்கும்போது கப்பின் அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் படும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே உண்டாகும் காற்று இடைவெளியில் இருக்கும் வேர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், கீழே இருக்கும் வேர்கள் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்துவிட்டதே என்று பாசத்தில் மறுபடி முழுக்க நிரப்பினால் அந்த மூச்சுவிடும் வேர்கள் மூழ்கிச் செத்துவிடும். ஒரு லெட்டூஸுக்கு ஆரம்பத்திலேயே நான்கு லிட்டர் கணக்கு வைத்தால் அறுவடை வரை தாங்கும். பெரியம்மாவின் பெட்டி 32 லிட்டர், எட்டுச் செடி, 45 நாள்.

தெர்மாகோல் என்பதால் வெயில் உள்ளே இறங்கவில்லை. மதியம் ஒரு மணிக்குக் கை விட்டுப் பார்த்தேன், பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இருட்டாக இருப்பதால் பாசியும் இல்லை.

வேர்? பால் வெள்ளை.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. கார்த்திகையில் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்திருக்கிறார்கள். வந்த பெண் மேஜையைப் பார்த்ததும், "இன்னாம்மா, பெட்டி பெட்டியா தண்ணி கட்டி வெச்சிருக்கீங்க? கொட்டுங்க" என்று கையை வைத்துவிட்டார். அவர் கேட்டது நியாயம்தானே. தேங்கிய நல்ல தண்ணீர் டெங்கு கொசுவுக்கு மாமியார் வீடு. பெரியம்மா மூடியைத் திறந்து வேரைக் காட்டி, டார்ச் அடித்துப் புழு இல்லை என்று நிரூபித்த பிறகுதான் விட்டார். கப்புக்கும் மூடிக்கும் நடுவில் இருந்த சந்துகளை டேப் போட்டு ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் இந்த முறையைச் செய்ய நினைப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். அறுவடை முடிந்த பெட்டியில் தண்ணீரை விட்டுவைக்கவும் கூடாது. அந்த மிச்சத் தண்ணீரில் உரம் இருக்கும், வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றலாம்.

அடுத்து, குரங்கு. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழியில் ஒரு நாள் காலை இரண்டு பெட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. லெட்டூஸ் பிடிக்கவில்லையாம், கடித்துத் துப்பியிருந்தது. கொத்தமல்லியைச் சுத்தமாகக் காலி செய்திருந்தது. வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கம்பி வலைக் கூண்டு செய்ய 3,200 ரூபாய் ஆனது. பெட்டி, கப், விதை எல்லாம் சேர்த்துக்கூட அவ்வளவு ஆகவில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்தலாக இருந்தது, கேட்டுவிட்டேன். "இது ஆர்கானிக் இல்லையே பெரியம்மா?" இல்லைதான். கால்சியம் நைட்ரேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும் கடையில் வாங்குகிற ரசாயன உரங்கள். ஹைட்ரோபோனிக்ஸ் கீரையை 'இயற்கைக் கீரை' என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். அதில் பூச்சிமருந்து தேவைப்படுவது குறைவு, மண் ஒட்டாது, அவ்வளவுதான் சொல்லலாம். உரம் 'ஏ', 'பி' என்று இரண்டு பாட்டிலாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. அடர்த்தியாக இருக்கும்போது கலந்தால் கால்சியம், சல்ஃபேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி அடியில் படிந்துவிடும். ஒன்றைத் தண்ணீரில் கலக்கிவிட்டு அப்புறம்தான் இன்னொன்று. இந்த உப்புகள் பார்க்கக் கல் உப்பு மாதிரியே இருப்பதால் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள். பெரியம்மா அதைப் பெரியப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்.

லெட்டூஸை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பீர்கள். பெரியம்மா இல்லை. "மாட்டுக்குப் போடுற தழை மாதிரி இருக்கு" என்பது அவர் தீர்ப்பு. செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் கஃபேக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் சமையல்காரர் வாரம் எட்டு, பத்துச் செடி வாங்கிக்கொள்கிறார். தினமும் கொடுக்க முடியுமா என்று கேட்டாராம். முடியாது என்று சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஊருக்கு அதிகம் வருவது கார்த்திகையிலிருந்து மாசி வரைதான். லெட்டூஸ் இங்கே ஒழுங்காக வளர்வதும் அதே மாதங்களில்தான். வெயில் வந்தால் இரண்டு பேருமே ஊரைக் காலி செய்துவிடுகிறார்கள்.

மாசிக்கு அப்புறம் என்ன செய்வதாக உத்தேசம்?

"பெட்டியக் கழுவிக் கவுத்து வெச்சுடுவேன். புதினா மட்டும் நிழல்ல இருக்கட்டும். வெயில் காலத்துல தோட்டக்காரனே மர நிழல்ல படுப்பான், நான் எதுக்கு மல்லுக்கட்டணும்?"

எங்களுக்கு வேண்டிய பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லி மூன்றும் மற்ற பெட்டிகளில் இருந்தன. அன்று மதியம் பாலக் பருப்புக் கூட்டு. பருப்பு டிரம் தண்ணீரில் வெந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாலக் மார்க்கெட் கீரையைவிட மெல்லிசாக இருந்தது. ருசி? உண்மையைச் சொன்னால், பழைய வீட்டுப் பின்பக்கத்துப் பாத்திக் கீரைக்கு ஒரு மாற்றுக் குறைவுதான். பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வார்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இந்தத் தடவை எழுதட்டுமா? அண்ணன்..."

"எழுதிக்கோ. பொங்கலுக்கு வந்திருந்தான்ல, அப்பவே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. குழாய்ல போர்வை காயறதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னான். அப்புறம், 'அம்மா, அந்தக் குழாயை அறுத்து மழைத் தண்ணிக்கு இன்னொரு லைன் போட்டுடலாமா'ன்னான். மூணாவது டிரம் வாங்கிப் போட்டுட்டுத்தான் போனான்."

வாசலில் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாதி மழைத் தண்ணீர், அதில் நான்கு புதினாக் குச்சிகள். இரண்டில் ஏற்கெனவே வேர் விட்டிருந்தது. சென்னையில் என் அறைக்கு மாடியும் இல்லை, பால்கனியும் இல்லை, கிழக்கே பார்த்த ஒரே ஒரு ஜன்னல்தான் என்றேன். போதும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மலை இருக்கும் பக்கமாகவே இடம் கிடைத்தது. பாட்டிலை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செஞ்சி வருவதற்குள் பக்கத்து சீட் அக்கா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "குடிக்கிற தண்ணில எதுக்கும்மா புதினா போட்டு வெச்சிருக்க, உடம்பு சூடா?" என்று கேட்டார்.